மூக்கு ஒழுகும் மாவு

என் தங்கை இரண்டாம் வகுப்பு டீச்சர். நான் ரொட்டிக் கடை வைத்திருக்கிறேன். இந்த இரண்டும் தனித்தனியாக இருந்தவரை எங்களுக்குள் பெரிய சண்டை ஏதும் வந்ததில்லை. தன் வகுப்புப் பிள்ளைகளை என் கடைக்குக் கூட்டி வரப் போவதாக அவள் சொன்ன அன்றுதான் ஆரம்பித்தது.

அதுவும் எந்த நாளில்? மருத்துவமனைக்கு முதன்முதலாக நான் ரொட்டி அனுப்ப வேண்டிய நாளில். பல மாதம் நடையாய் நடந்து வாங்கிய ஆர்டர் அது. அங்கே சமையல்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. முதல் தடவை நன்றாக இருந்தால் தினமும் வாங்குவதாகவும், இல்லையென்றால் வேறு கடையைப் பார்த்துக்கொள்வதாகவும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கடை ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் இழுத்து மூட வேண்டியதுதான். இதையெல்லாம் தங்கையிடம் சொல்லி, வேறொரு நாள் வாயேன் என்று கெஞ்சினேன். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். வேலை நடக்கிற நாளில் வந்தால்தான் வேலை தெரியுமாம். அணைந்து கிடக்கிற அடுப்பை வேடிக்கை பார்க்க அவள் பிள்ளைகள் வர மாட்டார்களாம்.

அவள் பாடம் நடத்துவதே அப்படித்தான். போன மாதம் பஸ் டிப்போவுக்குப் போய் வந்தார்கள். மறுநாள் வகுப்பில் நாற்காலிகளைப் பஸ் மாதிரி நீளமாக அடுக்கி, கயிறு பிடித்து, முனையில் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து பார்த்தார்கள். தலைமை ஆசிரியையின் பூந்தொட்டி ஒன்று அதில் உடைந்தது. எங்கே போவதாக இருந்தாலும் அதற்கு முன் ஒரு துணிப்பை விளையாட்டு உண்டு. பைக்குள் கையை விட்டு, உள்ளே இருப்பதைத் தடவிப் பார்க்க வேண்டும். அது என்ன என்று சொல்லக் கூடாது, எப்படி இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதற்கு மேல் தொட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பாள். அவளுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. பிள்ளைகளுக்குப் பொம்மை வேலை கொடுக்கக் கூடாது. அவர்கள் உருட்டுகிற மாவு நிஜமாகவே வெந்து, நிஜமாகவே யாராவது சாப்பிட வேண்டும். அதாவது, மருத்துவமனைக்குப் போகிற ரொட்டியில் அவர்கள் கையும் இருக்க வேண்டும்.

காலையில் வந்து இறங்கினார்கள். முழங்கை வரை கை கழுவி, தலையில் துணி கட்டி, வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்தபோது, சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் மனசு இளகியது. முன்பே பிசைந்து வைத்திருந்த சின்ன மாவு உருண்டையைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன். ஆளாளுக்கு அமுக்கினார்கள். வகுப்பில் எல்லாரும் முணுமுணு என்று கூப்பிடும் சிறுமி ஒருத்தி, அதைத் தடவிவிட்டுத் தன் காது மடலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மறுபடி மாவைத் தடவினாள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்த சோதனையே அதுதான், மாவு காது மடல் பதத்துக்கு வர வேண்டும் என்பது. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதற்குள் பெரிய மிஷினில் மருத்துவமனைக்கான மாவைப் போட ஆரம்பித்திருந்தேன். மாவு, தண்ணீர், ஈஸ்ட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் போட்டேன். நடுவில் வால் என்று பட்டப்பெயர் வாங்கிய பையன் மிஷினை நோக்கிக் கழுத்தை நீட்ட, ஓடிப் போய் அவனைப் பிடித்து இழுத்தேன். இன்னொருத்தி மாவு மூட்டை மேல் ஏறப் பார்த்தாள். அவளையும் இறக்கினேன். என் தங்கையோ பதறவே இல்லை. நான்தான் ஏதோ பிள்ளை பிடிக்கிறவள் மாதிரி கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

மாவு பொங்குகிற நேரத்தில், என் கடையில் ரொட்டி சுடும் அடுப்புக்காரர் அவர்களுக்கு அடுப்பைக் காட்டினார். பிறகு மேசையைச் சுற்றி எல்லாரையும் நிறுத்தி, பெரிய தொட்டியிலிருந்து மாவை வெட்டி ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தேன். உருட்டத் தொடங்கினார்கள். முணுமுணு மட்டும் உருட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"அது காது மாதிரி இருந்துச்சு," என்றாள். "இது மூக்கு ஒழுகுற மாதிரி இருக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டும் ஒரே மூட்டை மாவுதான், பேசாமல் உருட்டு என்றேன். ரொட்டி அடுப்புக்குள் போக வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கடை போகுமா நிற்குமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கிறேன், இந்தச் சுண்டைக்காய்க்கு மூக்கும் காதும்!

என் தங்கை என் கோபத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாள். ஒரு கையில் காலையில் தொட்டுப் பார்த்த மாவில் ஒரு துண்டு, மறு கையில் தொட்டி மாவில் ஒரு துண்டு. எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒன்று இழுத்தால் திரும்பி வருகிறது, மற்றது வரவில்லை என்றான் ஒருவன். இது விரலை விடமாட்டேன் என்கிறது என்றாள் ஒருத்தி. வால் நிதானமாக யோசித்து, இது அவசரப்படுகிற மாவு என்றான். யாரும் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, எல்லாருடைய கண்ணும் மூடியிருந்தது. தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு மாவு தெரியாதுக்கா. என் பிள்ளைங்க கையைத் தெரியும். ஒரு தடவை பாரேன்."

துளி எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை.

அடுப்புக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. உப்பு போடாத மாவு அப்படித்தான் தளர்ந்து, ஒட்டி, அவசரமாகப் பொங்கும். அந்த ரொட்டி போயிருந்தால் அந்த அம்மாள் ஒரு வாய்க்கு மேல் தின்றிருக்க மாட்டார். உடனே உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தொட்டி மாவை மறுபடி மிஷினில் தள்ளினோம். பிள்ளைகள் கையில் இருந்ததையும் அதிலேயே போடப் போனேன். தங்கை தடுத்துவிட்டாள். அவர்கள் உருண்டைக்கு அவர்களே உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார்கள், காது மடலைத் தொட்டுத் தொட்டு. பதம் வந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் நீட்ட நீட்ட, நான் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே வந்திருந்தது. நான் வேலைக்கு ஆள் வைத்துப் பழக்கியபோதுகூட அவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. என் தங்கையை நினைத்து அப்போது பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் வாரம் ஒரு வகுப்பைக் கூட்டி வருவாள்.

ரொட்டி கொஞ்சம் தாமதமாகத்தான் போனது. மருத்துவமனை பக்கத்துத் தெருதான். தங்கள் ரொட்டி என்ன ஆனது என்று தெரியாமல் கிளம்ப மாட்டோம் என்று பிள்ளைகள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்புக்காரர் காலிப் பெட்டியோடு திரும்பி வந்தார். அந்த அம்மாள் ஒன்றைப் பிய்த்துத் தின்று பார்த்து, நாளைக்கும் அனுப்பச் சொன்னாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் அதை வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எங்கே போனாலும் கிளம்பும் முன், வகுப்பே கூடிப் பேசி ஒரே ஒரு கேள்வி கேட்பார்களாம். குசுகுசுவென்று பேசி முடித்து, முணுமுணுவை முன்னால் தள்ளினார்கள்.

"உப்பு போட எப்படி மறந்தீங்க?"

அடுப்புக்காரர் வேறு பக்கம் பார்த்தார். மிஷின் மேல், ஈஸ்ட் மேல் என்று எதன் மேலாவது பழியைப் போட்டிருக்கலாம். என் கடையில் வழக்கம் அதுதான். ஆனால் காது மடலும் மாவும் தொட்ட கைகளோடு நிற்கிற பிள்ளைகளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன்மா. எங்கேயாவது கையை விட்டுடுவீங்களோன்னு."

அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த தடவை நீங்க மாவைப் பாருங்க. நாங்க எங்களைப் பாத்துக்கறோம்."

அடுத்த தடவை என்று அவள் சொன்னதை என் தங்கை திருத்தவில்லை. நானும் சரி என்றேன்.