மூன்றாவது திருகாணி

லயனல் கார்பட் எந்தச் சாமான் மீது ஆசை வைக்கிறாரோ அந்தச் சாமானைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பக்கத்தில் கிடக்கும் உதவாக்கரையை எடுத்து உருட்டுவார், விலை கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். அப்புறம் போகிற போக்கில், பாவம் பார்த்து வாங்குகிறவர் மாதிரி, வேண்டியதைத் தொடுவார். யார்க்‌ஷரில் தூண்டில் நூல் சுற்றும் பழைய ரீல் சேர்க்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஏமாந்தவர்கள். மீதிப் பேருக்குத் தாங்கள் ஏமாந்தது இன்னும் தெரியாது.

மேவிஸ் ரட்கினுக்குத் தெரியும். ஐந்து வருஷமாகத் தெரியும்.

அவள் புருஷன் பெர்சிக்கு அப்பன் விட்டுப்போன ஒரே சொத்து தார்ன்லி கம்பெனியின் ரீல் ஒன்று. பித்தளை முகம், தந்தக் கைப்பிடி, பின்பக்கம் அப்பன் ஆணியால் கீறிய ஜே.ஆர். என்ற எழுத்து. "இது முதல் மாடல்டா" என்று நாற்பது வருஷம் மதுக்கடையில் பீற்றிக்கொண்டவர் பெர்சி. ஆறு வருஷத்துக்கு முன் அவர் படுத்த படுக்கையானபோது கார்பட் வீடு தேடி வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"நாலாவது மாடல், பெர்சி. இது தந்தமே இல்ல, செயற்கை. ஆயிரக்கணக்குல அடிச்சுத் தள்ளுன சரக்கு. மனசை விட்டுடாதீங்க, ஆத்துல மீன் பிடிக்க இது போதும்."

மருந்துச் செலவுக்கு ஆகட்டும் என்று ஏதோ கொடுத்துவிட்டு ரீலைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அதற்கப்புறம் பார்க்க வந்த ஒவ்வொரு நண்பனிடமும் பெர்சி மன்னிப்புக் கேட்டார். "நாப்பது வருஷம் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்டா." ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வசந்தத்தில் கார்பட்டின் புத்தகம் வந்தது, தார்ன்லி ரீல்களின் மாடல்களை அடையாளம் காண ஒரு கையேடு. பன்னிரண்டாம் பக்கத்தில் முழுப்பக்கப் படம். ஜே.ஆர். என்ற கீறல் பளிச்சென்று தெரிந்தது. கீழே அச்சிட்டிருந்தது: 'முதல் மாடல். அசல் தந்தம். ஆசிரியரின் சேகரிப்பு.'

மேவிஸ் அழவில்லை. புத்தகத்தை விலைக்கு வாங்கி மூன்று தடவை படித்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றாள். முதல் மாடலுக்கும் முன்னால் ஒரு வெள்ளோட்ட ரீல் உண்டு, உலகத்தில் ஐந்து இருந்தால் அதிகம், கோலில் உட்காரும் அடிப்பட்டையில் இரண்டுக்குப் பதில் மூன்று திருகாணி இருப்பதுதான் அடையாளம் என்று கார்பட் அடித்துச் சொல்லியிருந்தார். ஆதாரம் ஏதோ பழைய விளம்பரப் படம். அன்றிலிருந்து ஊர் உலகமெல்லாம் ரீலைக் கவிழ்த்துத் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தது.

முப்பது வருஷம் ஹார்டுவேர் கடையில் திருகாணி விற்றவள் மேவிஸ். மூன்று திருகாணி ரீல் ஒன்று ஒரு செத்த வீட்டுச் சாமான் விற்பனையில் அவள் கைக்கு வந்தபோது, மூன்றாவதன் தலை மற்ற இரண்டோடு ஒட்டவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அது வந்த பெட்டியின் வெல்வெட் துணிக்கடியில் ஓர் அட்டை இருந்தது. அதைப் படித்துவிட்டு ஐந்து நிமிஷம் தனியாகச் சிரித்தாள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரிப்பன் நகரத்துப் பொது மண்டபத்தில் தூண்டில் சாமான் சந்தை. மேவிஸ் ஒரு மேஜை எடுத்திருந்தாள். கிழிந்த கைவலைக்கும் ஈயக்குண்டு டப்பாவுக்கும் நடுவே ரீல். பக்கத்தில் பெட்டி. பொய் சொல்லக் கூடாது, பெட்டியை மறைக்கவும் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். பெர்சியை ஏமாற்றியவனைத் தான் ஏமாற்றிவிட்டால் கணக்கு சமமாகிவிடும். அவளுக்குச் சமம் வேண்டாம்.

எதிர்வரிசையில் தன் சேகரிப்பைக் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்துவிட்டு, பத்தேகாலுக்கு கார்பட் வந்தார். பன்றிக்கறி ரொட்டியை மென்றுகொண்டே கைவலையை எடுத்தார்.

"இதுக்கு என்ன கேக்குறீங்க அம்மணி? ஓட்டைக்கும் சேத்து விலையா?"

"ஓட்டை இலவசம். சுத்தி இருக்கிற நூலுக்குத்தான் விலை."

கார்பட் சிரித்தார். வலையை வைத்தார், டப்பாவை ஆட்டிப் பார்த்தார், கடைசியில் வேண்டாவெறுப்பாக ரீலை எடுத்தார். கட்டைவிரல் அடிப்பட்டையைத் தடவியது. ஒன்று, இரண்டு. மூன்றில் நின்றது. வாயில் மென்றதை விழுங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தார்ன்லியா இது?"

"நீங்கதான் சொல்லணும். புத்தகம் போட்டவரு நீங்க."

"சாதாரண சரக்கு. எவனோ ஒட்டுப் போட்டிருக்கான். உதிரி பாகத்துக்கு வேணும்னா ஆகும்."

பொய் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் உண்மையைச் சொல்கிறாரே என்று நினைத்த மேவிஸ் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பெட்டியும் இருக்கு. தொறந்து பாருங்க."

"உதிரி பாகத்துக்குப் பெட்டி எதுக்கும்மா? என்ன வேணும், சொல்லுங்க."

"பணம் வேண்டாம். உங்க கண்ணாடி அலமாரியில ஜே.ஆர்.னு கீறின ரீல் இருக்கே. அது எங்க வீட்டுக்காரரோடது."

அப்போதுதான் அவருக்கு ஆள் தெரிந்தது. காது மடல் சிவந்தது. "அட, பெர்சி வீட்டம்மாவா? தங்கமான மனுஷன்."

"நாலாவது மாடல்னுதானே சொன்னீங்க? நாலாவது மாடலுக்கு உதிரி பாகம். சரியாத்தானே வருது?"

"அது வந்து... அப்புறம் கழுவிப் பாத்ததுல ஒண்ணு ரெண்டு படி மேல போயிடுச்சு."

"கழுவினா மாடல் மாறுமா?"

கார்பட்டின் கை ரீலை விடவில்லை. கண் மட்டும் ஒருமுறை தன் அலமாரிப் பக்கம் போய் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் அவர் மனசுக்குள் தராசு ஏறி இறங்கியதை மேவிஸ் பார்த்தாள். இந்தப் பெட்டியை ஒரு தடவை திறந்தால் போதும், ஐந்து வருஷமும் வீண்.

"சரி," என்றார் அவர். "நினைவுப் பொருள்னு கேக்குறீங்க. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

இந்தச் சந்தையில் மாற்றுப் பேரம் சாட்சி வைத்து முடிக்கப்படும். இருவரும் மேஜைக்குக் குறுக்கே கை குலுக்கி "பாத்தது பாத்தபடி" என்று சொல்லிவிட்டால், அப்புறம் சாமான் பொடிப்பொடியானாலும் திருப்பித் தர முடியாது. சங்கச் செயலாளர் நெவில் ஸ்பிங்க் டீக்கோப்பையோடு வந்து நின்றார்.

"பெட்டி, காகிதம் எல்லாம் சேத்தா?"

"எடுத்துக்கச் சொல்லித்தான் பாத்தேன்," என்றாள் மேவிஸ்.

"ரீல் மட்டும் போதும் நெவில். குப்பையைச் சுமந்துட்டுப் போகச் சொல்றியா?" என்றார் கார்பட்.

கை குலுக்கினார்கள். அவர் கை ஈரமாக இருந்தது, அவள் கையும்தான். ஜே.ஆர். ரீல் அலமாரியிலிருந்து அவள் கைப்பைக்கு வந்தது.

பன்னிரண்டு மணிக்கு, வழக்கம்போல, அன்றைய சிறந்த கண்டுபிடிப்பை மேடையில் காட்டும் நேரம். கார்பட் மைக்கைக் கையில் பிடித்தார். "நண்பர்களே, நாப்பத்தொண்ணாம் பக்கம்!" என்று ரீலைக் கவிழ்த்துக் காட்டினார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. தட்டி ஓயும் வரை மேவிஸ் காத்திருந்தாள். பிறகு மெதுவாக மேடையேறினாள்.

"இந்தாங்க, உங்க பெட்டி. மறந்துட்டுப் போறீங்க. துணிக்கடியில ஒரு அட்டை இருக்கு. நெவில், நீங்களே படிங்க. எனக்குக் கண்ணாடி இல்ல."

ஸ்பிங்க் மைக்கில் படித்தார். "தார்ன்லி பழுதுபார்க்கும் பிரிவு, மார்ச் 1936. இரண்டாம் மாடல். அடிப்பட்டை ஆட்டம். கூடுதலாக ஒரு திருகாணி..." மீதி யாருக்கும் கேட்கவில்லை. முதலில் பின்வரிசையில் யாரோ ஒருவன் பிளிறிச் சிரித்தான். அப்புறம் மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"இவ தெரிஞ்சே பண்ணியிருக்கா! என் ரீலைத் திருப்பிக் குடுக்கச் சொல்லு நெவில்!"

"பாத்தது பாத்தபடி, லயனல். பெட்டிய நான் உன்கிட்டக் கேட்டேன். குப்பைன்னு நீதான் சொன்ன."

மேவிஸ் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் கைக்குட்டையை அடையாளம் வைத்திருந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு நீட்டினாள்.

"ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார். 'பெர்சி ரட்கினுக்கு, இது உன் ரீல், முதல் மாடல்'னு எழுதுங்க. கீழ தேதி."

"எழுத மாட்டேன்."

"சத்தமா எழுதுங்க," என்றாள் அவள், மைக்குக்குப் பக்கத்தில் வந்து. "அவரோட சிநேகிதங்க எல்லாம் இங்கதான் உக்காந்திருக்காங்க. கேக்கட்டும்."

மண்டபம் அடங்கியது. மூன்றாவது வரிசையில் மதுக்கடைக் கிழவர்கள் நாலு பேர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். கார்பட் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். 'முதல்' என்கிற இடத்தில் பேனா மக்கர் பண்ணியது. மேவிஸ் அதை வாங்கி உதறி, மறுபடி கொடுத்தாள்.

தேதி காயும்வரை ஊதினாள். புத்தகத்தை மூடினாள்.

"நீங்க மனசை விட்டுடாதீங்க," என்றாள். "ஆத்துல மீன் பிடிக்க அது போதும்."