மூன்றாவது கட்டம்

“செத்துப்போனவங்களுக்கும் காய்ச்சல் அடிக்குமா மிஸ்?”

கேட்டவள் மூன்றாம் வகுப்புப் பெண். வகுப்பில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். கொஞ்சம் கூன் போட்டு நிற்பாள் என்பதாலும் அந்தப் பெயர் அவளுக்குப் பொருந்திவிட்டது. தினமும் பத்து மணிக்கு மூச்சு மருந்து இழுக்க அலுவலகத்துக்கு வருவாள். பிள்ளைகளின் மருந்தெல்லாம் அங்கேதான் அலமாரியில் இருக்கும். சாவி ஆபீஸ் மிஸ்ஸின் கழுத்தில் தொங்கும். அன்றைக்கு மருந்தை இழுத்து, பத்து எண்ணி, மூச்சை விட்டாள். விட்ட மூச்சோடு இந்தக் கேள்வியையும் விட்டாள்.

ஆபீஸ் மிஸ் மருந்துப் பதிவேட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பத்து மூன்று என்று எழுதினார். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போ என்றார். பிள்ளை கொப்பளித்தாள், போனாள். கேள்வி மட்டும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

பிள்ளை ஒன்றும் விஷமத்துக்குக் கேட்கவில்லை. அந்தப் பள்ளியில் தினமும் காலையில் முந்நூறு பிள்ளைகளும் செத்துப்போன ஒருவர் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஆபீஸ் மிஸ்ஸின் கணவர்.

பள்ளி நான்கு மாடி. ஒரு பக்கம் பேருந்துப் பணிமனை, மறுபக்கம் சலவைக்கடை, நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கட்டடம். மைதானத்துக்கு இடமில்லை. பிள்ளைகள் ஓடியாடுவதெல்லாம் மொட்டைமாடியில்தான். பந்து தெருவில் விழாமல் இருக்க மாடியைச் சுற்றி வலை கட்டியிருந்தார்கள். பணிமனையில் டயர் மாற்றும் வேலை பார்த்த மிஸ்ஸின் கணவர், ஒவ்வொரு பெரிய விடுமுறையிலும் அந்த வலையில் ஏறி, கிழிசல்களை முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. பிள்ளைகள் அவரை வலை மாமா என்பார்கள்.

நோய் வந்து அவர் ஏழு மாதம் படுத்திருந்தார். ஏழு மாதமும் காலை மன்றாட்டில் அவருக்காக ஒரு வரி இருந்தது. மன்றாட்டுக்கென்று பள்ளியில் ஒரு சீட்டு உண்டு. அதில் இரண்டு கட்டம்: நோயாளி, இறந்தவர். பிள்ளைகள் பெயரை எழுதி, ஒரு கட்டத்தில் குறி போட்டு, அலுவலக வாசலில் இருக்கும் பெட்டியில் போடுவார்கள். ஆபீஸ் மிஸ் அதையெல்லாம் இரண்டு பட்டியலாகத் தட்டச்சு செய்து கொடுப்பார். மேலே நோயாளிகள், கீழே இறந்தவர்கள். வாரத்துக்கு ஒரு பிள்ளை ஒலிபெருக்கியில் வாசிக்கும். ஒவ்வொரு வரிக்கும் வகுப்பறைகளிலிருந்து “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் வரும்.

கணவரை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் மிஸ் வேலைக்கு வந்தார். கணினியைத் திறந்தார். முந்தின வாரத்துப் பட்டியல் அப்படியே இருந்தது. தேதியை மட்டும் மாற்றி அச்சடித்தார். ‘நம் வலை மாமா விரைவில் நலம்பெற வேண்டுமென்று’ என்ற வரி மேலேயே இருந்தது. அதைக் கீழே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் புதுச் சீட்டுகளைச் சேர்த்தார், அந்த வரியை மட்டும் தொடவில்லை. அப்படியே பத்து வாரம் ஓடிவிட்டது.

அவர் பிழைத்து வருவார் என்று நினைத்து அல்ல. எதையும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. தாமதமாக வந்தவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தது, தொலைந்த தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்தது, மாலைப் பராமரிப்பில் தங்கும் பிள்ளைகளின் வருகையைக் குறித்தது. வீட்டில் குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டது, வாய் அதையும் சாப்பிட்டது. அழுகை வரவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மாதிரி அதை எங்கெங்கோ தேடிப் பார்த்தார், பிறகு தேடுவதையும் விட்டுவிட்டார்.

மதிய உணவு சமைக்கும் அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. அழுதால்தான் ஆறும் என்று, ஒருநாள் மிஸ்ஸை வலுக்கட்டாயமாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கூடை வெங்காயம் நறுக்கினார். கடைசியில் அழுது கண் வீங்கியது அக்காவுக்குத்தான். மிஸ் எழுந்து தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைமையாசிரியை சிஸ்டர் முதல் நாளே பட்டியலைக் கவனித்துவிட்டார். சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். அந்த வரி வரும்போது மட்டும் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார். ஆசிரியர்களும் தங்களுக்குள் முணுமுணுத்ததோடு சரி. எல்லோரும் அன்பினால்தான் பேசாமல் இருந்தார்கள். அந்த அன்பு எப்படியோ அவரைத் தனியே நிறுத்திவிட்டது.

கேள்வி கேட்ட அடுத்த வாரம் வாசிக்கும் முறை கேள்விக்குறிக்கு வந்தது. அந்த ஞாயிறு மூன்றாம் வகுப்புக்கு முதல் நற்கருணை, கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் நாள். அந்தப் பூசையில் மன்றாட்டு வாசிக்கவும் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள், திக்காமல் வாசிப்பாள். திங்களும் செவ்வாயும் தாளில் உள்ளபடி வாசித்தாள். புதன்கிழமை, நோயாளிகள் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டிப் போனாள். இறந்தவர்கள் பட்டியல் முடிந்ததும் ஒரு நொடி நிறுத்தி, தாளைப் பார்க்காமல் சொன்னாள்.

“வலை மாமா செத்துப் போயிட்டாங்க. அவங்க கடவுள்கிட்ட நல்லா இருக்கணும்னு, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.”

பிள்ளைகளுக்குத் தயக்கமே இல்லை. நான்கு மாடியும் ஒரே குரலில் பதில் சொன்னது.

அலுவலகத்தில் ஆபீஸ் மிஸ்ஸின் கையில் முத்திரைக் கட்டை இருந்தது. அது மையில் பட்டது, தாளுக்கு வரவில்லை.

முதல் பாடவேளை முடிவதற்குள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார். நல்ல மனசுக்காரி, வயதில் சின்னவர். முகம் வெளுத்துப் போயிருந்தது. எழுதியிருப்பதை வாசிக்கத்தானே சொன்னோம், உன்னை யார் சொந்தமாகச் சேர்க்கச் சொன்னது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்திருந்தார். மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பிள்ளை கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு லேசாக இழுத்தது.

“வாயில என்ன கொழுக்கட்டையா? கேளு” என்றார் ஆசிரியை. பதில் வராததால் மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். “ஞாயித்துக்கிழமை பூசையில இவ வேண்டாம் மிஸ். வேற பிள்ளையைப் போட்டுடறேன். உங்களை இப்படி நோகடிச்சிட்டாளே.”

பிள்ளையின் கழுத்து இன்னும் கொஞ்சம் வளைந்தது. அழவில்லை. அழாமல் இருப்பது எப்படி என்று மிஸ்ஸுக்குத் தெரியும். அந்தச் சின்னக் கழுத்தில் அதை அடையாளம் கண்டார்.

முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார்.

“பேப்பர்லதான் தப்பு டீச்சர். பிள்ளை சரியாத்தான் படிச்சா.”

ஆசிரியை ஏதோ சொல்ல வந்தார்.

“என் வீட்டுக்காரர் இறந்து பத்து வாரம் ஆச்சு,” என்றார் மிஸ். பத்து வாரத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை. குரல் பதிவேட்டைப் படிக்கிற குரலாகத்தான் இருந்தது. “நான்தான் மாத்தாம விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை இவளே படிக்கட்டும்.”

ஆசிரியை தலையாட்டினார். பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்தக் கையாலேயே பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

கேள்விக்குறி வாசல் வரை போய்த் திரும்பினாள். “அப்ப மாமாவுக்கு இப்ப காய்ச்சல் இல்லைதானே மிஸ்?”

“இல்லைம்மா. இப்ப இல்லை.”

மாலை ஐந்தரைக்குக் கடைசிப் பிள்ளையையும் அவள் அத்தை வந்து கூட்டிப்போனாள். சிஸ்டர் மடத்துக்குப் போய்விட்டார். ஆபீஸ் மிஸ் கணினியில் பட்டியலைத் திறந்து, அந்த வரியை வெட்டி, கீழே ஒட்டினார். ‘விரைவில் நலம்பெற’ என்பதை எடுத்துவிட்டு ‘நித்திய இளைப்பாற்றி அடைய’ என்று போட்டார். அச்சடித்த தாளைக் கோப்பில் வைக்க இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு சீட்டு கிடந்தது.

பார்த்ததும் நினைவு வந்தது. அடக்கம் முடிந்து மிஸ் வேலைக்குத் திரும்பிய அந்த நாள், பெட்டியில் போடாமல் கேள்விக்குறி நேரே கையில் கொடுத்த சீட்டு. இரண்டு கட்டத்திலும் குறியில்லை. பக்கத்திலேயே பென்சிலால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து அதில் குறி போட்டிருந்தாள். எந்தப் பட்டியலிலும் சேராத சீட்டு. பிறகு பார்க்கிறேன் என்று உள்ளே போட்டவர், பார்க்கவேயில்லை. ஓயாமல் கேட்கிற பிள்ளை அதைப் பற்றி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

‘எங்க அப்பா வேலை போனதிலிருந்து வீட்டில் பேசமாட்டேன் என்கிறார். அவர் பேச வேண்டும்.’

இதை ஒலிபெருக்கியில் வாசிக்க முடியாது. வாசித்தால் நாளைக்கே நாலு பேர் விசாரிப்பார்கள், அந்த மனிதர் இன்னும் வாயை மூடிக்கொள்வார். பிள்ளைக்கும் அது தெரிந்துதான் பெட்டியில் போடவில்லை போலும்.

மிஸ் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினார். அங்கே இருந்த சிற்றாலயம் ஒரு வகுப்பறை அளவுதான். விளக்கைப் போடவில்லை, சன்னலில் வெளிச்சம் மிச்சமிருந்தது. முழங்காலில் நின்றார். பத்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். முந்நூறு பிள்ளைகள் ஐம்பது நாள் அவர் வீட்டுக்காரருக்காக வேண்டியிருக்கிறார்கள். அந்த முந்நூறில் ஒருத்தியின் வேண்டுதல் ஐம்பது நாளும் இழுப்பறையில் கிடந்திருக்கிறது.

சீட்டை வாய்விட்டு வாசித்தார். பதிலையும் அவரே சொன்னார். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” மறுபடி வாசித்தார், மறுபடி பதில் சொன்னார். முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. குறைந்துவிடக் கூடாதே என்று இருபத்தைந்திலிருந்து மறுபடி எண்ணினார். கீழே பணிமனையில் ஒரு வண்டி உறுமி அடங்கியது.

ஐம்பது முடிந்து எழப்பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் ஆயிரம் ஊசி குத்துகிற மாதிரி உணர்ச்சி திரும்பி வந்தது. வலித்தது. வலிக்கட்டும் என்று அப்படியே நின்றார்.

பிறகு சீட்டை மடித்து, சாவிக்கொத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.