இடம் போட்ட கல்

ஐந்தருவி ஏற்றத்தை முடித்ததும் ஷெர்லின் வாழைப்பழத்தை உரித்தாள். மாசி மாதம், சீசன் இல்லை, இன்னும் விடியவும் இல்லை. பாறை நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் விழுந்தது. கடைகளெல்லாம் படுதா போட்டுக் கிடந்தன. அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஜெபஸ்டின் சைக்கிள் கைப்பிடியில் தலையைக் கவிழ்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பழத்தில் பாதியைப் பிட்டுக் கணவன் வாயில் திணித்துவிட்டு, தோலை மடித்து அவனுடைய சட்டையின் முதுகுப்பக்கப் பையில் செருகினாள்.

“உனக்கும் முதுகுல பை இருக்குல்லா. அதுல வையேன்ட்டி.”

“அதுல என் போன் இருக்கு. நாறிப்போகும்.”

“நான் நாறலாமாக்கும்.”

“உங்களுக்குப் பழக்கம்தான. கீழ போட்டா குரங்கு வந்துரும். கெளம்புங்க, சுந்தரபாண்டியபுரம் போயிட்டு ஸ்கூலுக்குத் திரும்பணும்.”

தென்காசி விழிக்கும் முன்பே ஊரைக் கடந்து சுந்தரபாண்டியபுரம் சாலைக்கு வந்துவிட்டார்கள். அவள் முன்னால், அவன் அவளது பின்சக்கரத்தை ஒட்டி. எப்போதும் அப்படித்தான். அவள் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், அவன் மருந்துக்கடைக்காரன். காற்றை அவள் வாங்கிக்கொள்வாள், அந்த மறைவில் அவன் மிதித்துக்கொண்டு வருவான். இப்படி ஒட்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பின்னால் வருகிறவனுக்கு எதிரே இருக்கும் சக்கரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் சாலையில் குழியோ கல்லோ வந்தால், முன்னால் போகிறவர் ஒரு கையை எடுத்து, அது கிடக்கிற பக்கமாகக் கீழே சுட்டிக் காட்ட வேண்டும்.

கால்வாய்ப் பாலம் தாண்டியதும் அவளுடைய இடது கை கீழே இறங்கியது. ஜெபஸ்டின் கடைசியாகப் பார்த்தது அதைத்தான். கையுறை போட்ட கை, நீட்டிய ஒரு விரல். மற்றக் கை மட்டும் பிடித்திருந்த கைப்பிடி, சக்கரம் கல்லில் ஏறியதும் திருகிக்கொண்டது. அவள் தலைகுப்புறப் போனாள். அவள் சைக்கிளில் மோதி அவனும் போய் விழுந்தான்.

ஷெர்லினை அடக்கம் செய்தபோது அவன் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தொடை எலும்புக்குள் கம்பி, இடது தோளில் தகடு. கத்தரித்து எடுத்த உடுப்புகளை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். அதில் வாழைத்தோல் கறுத்துப்போய்த் துணியோடு ஒட்டியிருந்தது.

போலீஸ் வந்து விசாரித்தது. அந்த இடத்துக்கு நேராக வயல் வைத்திருந்த இசக்கி என்பவள், ஏதாவது குவாரி லாரியிலிருந்து விழுந்த கல்லாக இருக்கும் என்று சொன்னாள். இருட்டோடு இருட்டாகக் கண்மண் தெரியாமல் வந்தார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள். சைக்கிள்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஜெபஸ்டின் லாரியை நம்பினான். பெயர் தெரியாத லாரி, முகம் தெரியாத டிரைவர். இன்னாரைத்தான் வெறுப்பது என்று தெரியாததால் எல்லாரையும் வெறுத்தான். கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று ஆறுதல் சொல்ல வந்த சபைக்காரர்களிடம், “பக்கத்துலதான நானும் கெடந்தேன், அவருக்குக் கண்ணு தெரியலயா” என்று கேட்டான். அவர்கள் ஜெபம் பண்ணாமலே எழுந்து போனார்கள். பிறகு வரவில்லை. அது அவனுக்கு வசதியாகவே இருந்தது.

ஊன்றுகோலை விட்டதும் அவன் செய்த முதல் வேலை, நெளிந்த சக்கரத்தை மாற்றி, சைக்கிளைக் கூடத்தில் ஒரு ஸ்டாண்டில் மாட்டியதுதான். நின்ற இடத்திலேயே மிதித்தான். கம்பி ஏறிய கால் மற்றக் காலில் பாதிதான் இருந்தது; ஒவ்வொரு சுற்றிலும் நொண்டியது. ஒரு நாள் மிதித்துக்கொண்டிருக்கும்போது ஷெர்லினின் தம்பி கிங்ஸ்லி உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“அத்தான், உங்களுக்கு வெக்கமா இல்லையா? அக்கா கல்லறைக்குப் பூசுன சிமெண்டு இன்னும் காயல. நீங்க தொடைக்கு எக்ஸர்சைஸ் பண்ணுதீக.”

“சிமெண்டு காயலன்னா கொத்தனார்ட்டப் போயிக் கேளு.”

“அம்மா கேக்குது, இந்தச் சனியன இன்னும் எதுக்கு வீட்டுல வச்சிருக்காருன்னு.”

“கேக்கட்டும்.”

“நான் கேக்குதேன். எதுக்கு?”

காரணம் இருந்தது. சொன்னால் கிங்ஸ்லி சிரித்திருப்பான், அல்லது அழுதிருப்பான். இரண்டையும் பார்க்க ஜெபஸ்டினுக்குப் பொறுமை இல்லை. அன்று பாதியில் நின்றுபோன சுற்றை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தருவிக்கு ஏறி, தென்காசி வழியாக சுந்தரபாண்டியபுரம் போய், திரும்பி வீட்டுக்கு வர வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடக்கூடத் தயார்.

“அக்கா சைக்கிள நான் எடுத்துட்டுப் போறேன். விட்டா அதையும் ஏறி மிதிச்சிருவீக.” கிங்ஸ்லி அதைத் தூக்கிக்கொண்டு போனான். அது வாசல் நிலையில் இடித்த சத்தம் கேட்டது. ஜெபஸ்டின் மிதிப்பதை நிறுத்தவில்லை.

குற்றாலத்தில் சாரல் முடிகிற சமயத்தில் சாலைக்கு வந்தான். மழைக்காலம் போன பிறகு ஐந்தருவி ஏற்றம் கைவசமானது, பழைய வேகத்தில் இல்லாவிட்டாலும். அங்கே நின்று தனியாக ஒரு பழத்தைத் தின்பான். தோலை முதுகுப் பையில் வைக்க இடது கை எட்டாது, தகடு இழுக்கும். வலது கையை வளைத்து வைத்துக்கொள்வான். அதெல்லாம் சரி. ஆனால் கால்வாய்ப் பாலத்துக்கு வந்தால் கால் தானாகக் கீழே ஊன்றிவிடும். பாலத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வியர்த்துக் கொட்டும். பிறகு திரும்பிவிடுவான். எத்தனையோ காலைகள் அப்படிப் போயின.

மறுபடி மாசி வந்தது. அறுப்பு தொடங்கியிருந்தது. ஒரு விடியற்காலையில் பாலத்தில் கால் ஊன்றி நின்றவன், விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்தான். அதே இடம். தார்ச் சாலையில், இடது ஓரத்திலிருந்து இரண்டு முழம் உள்ளே, ஒற்றைக் கல். தேங்காய் அளவு இருக்கும்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடந்தான். குனிந்து இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினான். சாலையோரம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நெல் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏய்யா, கல்ல வையும் கீழ. இடம் போட்டிருக்கு.”

காவலுக்குப் போட்டிருந்த கட்டிலில் இசக்கி எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலையைச் சுற்றித் துண்டு. அவளை அவன் ஸ்டேஷனில் ஒரு தடவை பார்த்திருக்கிறான்.

“என்ன இடம்?”

“நெல்லு காயப்போடுத எடம்தான். சாயங்காலம் அள்ளிட்டு ஒரு கல்லு போட்டு வச்சாத்தான் மறுநாள் நமக்கு. இல்லன்னா மேலத்தெருக்காரன் விடியமுன்ன வந்து கொட்டிருவான். பஸ்ஸுல துண்டு போடுதீகல்லா, அது மாதிரி.”

“எப்பவும் இப்படித்தான் போடுறதா?”

“பின்ன? வருசா வருசம் இதான் எங்க எடம்.”

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நடையைப் பார்த்தாள். பாலத்தில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தாள். துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“லாரியில இருந்து விழுந்துதுன்னு சொன்னீங்க” என்றான் ஜெபஸ்டின். அவள் வயதுள்ள யாரையும் அவன் அக்கா என்று கூப்பிடாமல் பேசியதில்லை. அன்று கூப்பிடவில்லை.

“அது லாரிக் கல்லாத்தான் இருக்கும்.”

“இதே இடத்துலயா?”

“கல்லுல பேரா எழுதியிருக்கு? போவும் உம்ம சோலியப் பாத்துக்கிட்டு.”

அவன் கல்லைக் கால்வாயில் எறிந்தான். தோளில் தகடு வெட்டி இழுத்தது. தண்ணீரில் அது விழுந்த சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. ஒரு வருடமாக அவனுக்குப் பிடித்த ஒரே சத்தம் அதுதான்.

மறுநாள் விடியலில் வேறொரு கல் அங்கே இருந்தது. அதையும் எறிந்தான். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. ஐந்தருவியை விட்டுவிட்டு நேராக இங்கேயே வர ஆரம்பித்தான். மறதியாக விட்ட கல் என்றால்கூட ஒருவேளை மனது ஆறியிருக்கும். இது யோசித்து, குனிந்து, பார்த்து வைத்த கல். அந்த நினைப்பே அவனை எழுப்பியது, மிதிக்க வைத்தது. சூம்பிக் கிடந்த தொடை அந்தக் கோபத்தில் இறுகிக்கொண்டு வந்தது. தென்காசியிலிருந்து பாலம்வரை ஷெர்லின் இருந்தபோது பிடித்த வேகத்தை ஒரு நாள் அவன் பிடித்தான். பிடித்தது தெரிந்தும் சந்தோஷம் வரவில்லை. கல்லைத் தூக்குவான், எறிவான், திரும்பி வந்துவிடுவான்.

இசக்கியும் விடவில்லை. கட்டிலில் படுத்தபடியே ஏசுவாள்.

“வந்துட்டாரு கலெக்டரு. ரோட்டச் சுத்தம் பண்ண.”

“உங்க நெல்ல உங்க வீட்டுல காயப்போடுங்க.”

“எங்க வீட்டுல நாங்க படுக்கவே எடம் இல்ல. உம்ம வீட்டு மாடியத் தாரும்.”

“போலீஸ்ல மறுபடி சொல்லப்போறேன்.”

“சொல்லும். போன வருசம் எம் மவன ரெண்டு நாளு ஸ்டேஷன்ல உக்காத்தி வச்சான். அள்ள ஆளில்லாம அம்புட்டு நெல்லும் மழையில மொளச்சுப்போச்சு. அதுக்கு நான் யாருட்டச் சொல்ல?”

“மழையில நெல்லுதான போச்சு.”

அவள் காறித் துப்பினாள், அவன் பக்கமாக இல்லை, ஆனால் அவனுக்குக் கேட்கிற மாதிரி.

ஒரு நாள் பாலத்துக்கு வருவதற்கு முன்பே கல் தெரிந்தது. வெள்ளையாக. இறங்கிப் போய்த் தூக்கினான். சுண்ணாம்பு கையுறையில் அப்பியது. இசக்கி அன்று கட்டிலில் இல்லை. நெல் குவியலுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“இனியாவது சும்மா கெடக்க விடும். வெள்ளை அடிச்சிருக்கு. தூரத்துல வாரவனுக்கும் தெரியும்.”

“வெள்ளையா இருந்தா கல்லு இல்லன்னு ஆயிருமா?”

“தெரியும்லா. தெரிஞ்சா வெலகிப் போவான்லா.”

“அவளுக்கும் தெரிஞ்சுது” என்றான் ஜெபஸ்டின். “நாங்க வெளிச்சம் போட்டுத்தான் வந்தோம். அவ பாத்துட்டா. பாத்துட்டு, பின்னால வார எனக்குக் காட்டுறதுக்குக் கைய எடுத்தா. ரெண்டு கையும் இருந்திருந்தா வெலக்கிருப்பா.”

வேறு யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை. கிங்ஸ்லியிடம்கூட. இவளிடம் சொல்லிவிட்டோமே என்று உடனே எரிச்சல் வந்தது.

இசக்கி தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் தள்ளிச் சரிசெய்தாள். அவள் வருத்தப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தால் அது அவன் தப்பு.

“இந்தக் கல்ல எடுப்பீரு. அங்கிட்டுப் போனா ஒவ்வொருத்தன் வயலுக்கு நேரயும் ஒரு கல்லு கெடக்கு. அத யாரு எடுக்கா?” தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். “நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். தெனமும் சைக்கிள்ல வாரீரு, கல்ல எறியுதீரு, திரும்பிப் போறீரு. ஒரு நாளாவது இந்தக் கல்லத் தாண்டி அங்கிட்டுப் போயிருக்கீரா? கல்லு மேல பழியப் போட்டுட்டு இங்கனயே நிக்கீரு. பயந்தாங்கொள்ளி.”

அவன் கையிலிருந்து கல் நழுவி, தூக்கிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி விழுந்து உருண்டது. அவளை என்னவாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. நல்ல வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. பாலத்துக்குப் போய் சைக்கிளை எடுத்தான். ஏறி மிதித்தான். அவளைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கல்லைக் கடந்ததைக்கூட அதைக் கடந்த பிறகுதான் உணர்ந்தான்.

காற்று நேராக முகத்தில் அடித்தது. வாங்கிக்கொள்ள முன்னால் யாரும் இல்லை. அவள் சொன்னது பொய்யில்லை. வயலுக்கு வயல் ஒரு கல் கிடந்தது. ஒவ்வொன்றையும் விலகிப் போனான். சுந்தரபாண்டியபுரத்தில் பால்காரர்கள் எதிரே வந்தார்கள். டீக்கடையில் இறங்கவில்லை. அன்று ஐந்தருவிக்கு ஏறாமல் வந்திருந்தான். கணக்குப் பார்த்தால் சுற்று இன்னும் முடியவில்லை. நாளைக்கு அங்கே ஏறிவிட்டு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினான்.

வரும்போது நல்ல வெயில். இசக்கி நெல்லைப் பரப்பிக் காலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் சத்தம் கேட்டும் நிமிரவில்லை. அவனும் பெல் அடிக்கவில்லை. பக்கத்தில் வந்தபோது அவனுடைய வலது கை கைப்பிடியை விட்டு இறங்கி, விரல் கீழே சுட்டியது. பின்னால் யாரும் இல்லை.

உருண்டுபோன கல்லை அவள் எடுத்து வந்து, ஓரத்திலிருந்து இரண்டு முழம் உள்ளே, பழைய இடத்திலேயே வைத்திருந்தாள்.