வடக்குப் பக்கம் நின்றவள்

கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் கருப்பாயி. அந்தப் பக்கம் கிணறு.

கருப்பாயி ஒரு நீராவி எஞ்சின். அழகர்கோவில் மலைக்குத் தெற்கே, மூடப்பட்ட சர்க்கரை ஆலை ஒன்று கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த பழைய பாதையில் ஞாயிறுதோறும் ஓடுபவள். ஓட்டுகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. டிரைவர் விருமாண்டி வாரநாட்களில் லேத் பட்டறைக்காரர். கார்டு ஒரு பல் டாக்டர். கொடி காட்டுவது கல்லூரி வாத்தியார்.

எஞ்சினுக்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான். இந்த ஞாயிறு காலை வந்து பார்த்தால், கிணற்றைச் சுற்றி வேலி. வேலியில் பலகை: ‘மலைநிழல் நகர். தனியார் மனை. அத்துமீறி நுழையாதீர்.’

“நேத்துச் சாயங்காலம் கூட இல்லையேய்யா!” விருமாண்டி எஞ்சினிலிருந்து குதித்தார். “எவன்டா இது, ராத்திரியோட ராத்திரியா?”

வெள்ளைக் கார் வந்து நின்றது. மனை போட்டு விற்கும் சூரியபிரகாஷ் இறங்கினான். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, வெள்ளைச் சிரிப்பு.

“கோவப்படாதீங்கண்ணே. இது நம்ம இடம். கிணறே நாங்க போன வருசம் வெட்டுனது.”

“அடப்பாவி! எட்டு வருசமா இதுலதானே தண்ணி பிடிக்கிறோம்!”

“அப்படியா? நிரூபிங்க.”

ரயில் அறக்கட்டளையின் செயலாளர் அனந்தராமன் அன்று மதியமே தாசில்தாருக்கு போன் போட்டார். தாசில்தார் ராஜஸ்ரீ சுற்றி வளைக்கவில்லை. அந்தத் துண்டு நிலம் இரண்டு சர்வே எண்களுக்கு நடுவில் தொங்குகிறது. யாருடைய அனுபவத்தில் இருந்தது என்று காட்டுங்கள். புதன்கிழமை நேரில் வருகிறேன் என்றார்.

“வேற தண்ணி ஊத்த முடியாதா?” என்றார் பல் டாக்டர்.

“இந்த வட்டாரத்துல போர் போட்டா அம்புட்டும் உப்பு டாக்டரே. ரெண்டே மாசத்துல பாய்லர் குழாய் அரிச்சுப் போகும். இந்தக் கிணறு இல்லேன்னா கருப்பாயி இல்ல,” என்றார் விருமாண்டி.

அனந்தராமன் மட்டும் நிதானமாக இருந்தார். விளாங்குடியில் இருக்கும் அந்த முன்னாள் வங்கி மேனேஜருக்கு இன்னொரு பதவியும் உண்டு. கருப்பாயியைப் படம் எடுக்க வரும் கேமராக்காரர்களின் குழுவுக்குத் தலைவர். ஞாயிறுதோறும் படம் பிடிப்பதற்கென்றே ரயில் ஒருமுறை பின்னால் போய், புகை கக்கிக்கொண்டு மறுபடி வரும். எட்டு வருடப் படங்கள். ஆயிரக்கணக்கில்!

“ஒரு படம் போதும்,” என்றார்.

ஞாயிறு மாலை தேட ஆரம்பித்தார்கள். திங்கள் மதியம் அனந்தராமனுக்கு வியர்த்தது.

கிணறு ஒரு படத்தில்கூட இல்லை.

காரணம் எளிது. கேமராக்காரன் வெயிலை முதுகில் வாங்கி நிற்பான். இங்கே வெயில் தெற்கே. எதிரே, வடக்கே, அழகர்மலை. ஆகவே எல்லோரும் பாதைக்குத் தெற்கே, தோளோடு தோள் உரசி, ஒரே வரிசையில் நிற்பார்கள். கிணறு அவர்கள் முதுகுக்குப் பின்னால். அவர்கள் நின்ற இடம்தான் இப்போது வேலிக்குள் போய்விட்டது. நின்ற இடத்தை எவன் படம் எடுப்பான்?

“வடக்குப் பக்கம் நின்னு எடுத்த ஆளே இல்லையாய்யா?” விருமாண்டி கத்தினார்.

எல்லோருக்கும் ஒரே ஒரு பெயர் தெரியும்.

*

கோரிப்பாளையம் தர்காவுக்குப் போகும் தெருவில் மாடியில் இருந்தது ஸ்டுடியோ. ஷாஹீதா படம் எடுப்பாள். அவள் கணவன் நஜீம் ஆல்பம் போடுவான். நிக்காஹ், காதுகுத்து, சடங்கு, எல்லா வீட்டு விசேஷமும் உண்டு.

“வாங்க சார்,” என்றாள் ஷாஹீதா. நாற்காலியைக் காட்டவில்லை. “வாங்கண்ணே, உக்காருங்க,” என்றாள் விருமாண்டியைப் பார்த்து.

அனந்தராமன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

“என்கிட்ட இருக்கு சார். அஞ்சு வருசப் படம் இருக்கு. கிணறு, மோட்டார் ரூம், அண்ணன் குழாயைத் தூக்கிட்டுப் போறது, முன்னாடி வரிசையா நீங்க எல்லாரும். தொப்பி, முக்காலி, வாயில வடையோட சிலபேர்.”

“அப்பாடா!”

“அவசரப்படாதீங்க.”

ஐந்து வருடத்துக்கு முன், முதல் ஞாயிறு அவள் அந்த வரிசைக்குத்தான் போனாள். யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. சரிதான் போ என்று பாதையைத் தாண்டி வடக்கே போய் நின்றாள். வெயிலுக்கு எதிரே கேமராவைத் தூக்கியபோது, நீராவி முழுவதும் தீப்பிடித்ததுபோல் ஒளிர்ந்தது. மணப்பெண்ணின் முக்காட்டுக்குப் பின்னால் விளக்கு வைத்து எடுப்பவளுக்கு அது புரியாதா? அன்றிலிருந்து அதுதான் அவள் இடம். எதிர்வரிசையோ ஞாயிறுதோறும் கத்தியது. அவர்கள் படத்தில் அவள் விழுகிறாளாம். வாட்ஸப் குழுவிலிருந்து தூக்கினார்கள். அவள் நகரவில்லை.

“நான் இதைக் காட்டுனா அந்த ஆளு என்ன சொல்லுவான் தெரியுமா சார்? ஏஐ-ல பண்ணுன படம்பான். இப்ப யாருக்கும் எந்தப் படத்தையும் நம்ப வேண்டிய அவசியமில்ல.”

“அதுக்கு?”

“நான் உங்களை எடுத்த அதே நிமிசம் நீங்களும் என்னை எடுத்திருக்கீங்கள்ல? ரெண்டையும் பக்கத்துல வைங்க. எதிரெதிர் பக்கத்துலருந்து ஒரே கணம். அதை எவன் பொய்ம்பான்?”

அனந்தராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்ன சார் பேச்சைக் காணோம்?” என்றார் விருமாண்டி.

“நான் சொல்றேன்ணே,” ஷாஹீதா எழுந்தாள். “ஸ்டேசன்ல மாட்டியிருக்கிற படத்தையெல்லாம் போய்ப் பார்த்தேன். நான் நின்ன இடத்துல ஒரு எருக்கஞ்செடி நிக்குது. எல்லாப் படத்துலயும் அதே செடி. அதே மாதிரி இடதுபக்கம் சாஞ்சு. என்னை அழிச்சுட்டு செடி நட்டிருக்காங்க!”

“எங்க கல்யாண ஆல்பத்துல மாப்ளயோட பருவைக்கூட இம்புட்டு சுத்தமா அழிச்சதில்ல சார்,” என்றான் நஜீம் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்காமல்.

“அழிக்காத படம் இருக்குல்ல?” என்றாள் ஷாஹீதா.

“இருக்கு. ஆனா…” அனந்தராமன் இழுத்தார். “அழிச்சதுல ஒரு படத்துக்குத்தான் அகில இந்தியப் பரிசு வாங்கினேன். கை வைக்காத படம்னு எழுதிக் கொடுத்து. இது வெளிய வந்தா…”

“பரிசு போகும்.”

“போகும். பேரும் போகும்.”

“அப்ப முடிவு பண்ணிக்கங்க. பரிசா, கருப்பாயியா?”

அவர் படியிறங்கிப் போனார்.

*

செவ்வாய்க்கிழமை சூரியபிரகாஷ் அதே படியேறி வந்தான்.

“சிஸ்டர், நம்ம மலைநிழல் நகருக்கு விளம்பரப் படம் எடுக்க ஆள் தேடிட்டிருக்கேன். வருசம் பூரா வேலை. ட்ரோன் கூட வாங்கித் தாரேன்.”

“நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். உங்ககிட்ட இருக்கிற கிணத்துப் படத்தோட நாளைக்கு வீட்டுலயே இருங்க.”

“வராம இருந்தா?”

“நல்லது. வந்தா…” அவன் நஜீமைப் பார்த்துச் சிரித்தான். “பாய் தெனம் டூ வீலர்ல லேட்டாத்தான் வீட்டுக்குப் போறாரு போல. ரோடெல்லாம் மோசமா இருக்கு.”

நஜீமின் கை மவுஸில் அப்படியே நின்றது.

ஷாஹீதா மேஜையிலிருந்த கேமராவை எடுத்தாள். ‘க்ளிக்’.

“எதுக்கு சிஸ்டர்?”

“ரோடு மோசமாச்சே. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனா, இன்னிக்கு யார் வந்து அக்கறையா விசாரிச்சாங்கன்னு போலீஸ் கேக்கும்ல? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. வெளிச்சம் பத்தல.”

அவன் சிரிப்பு முதன்முறையாகச் சுருங்கியது.

அவன் போனபின் நஜீம் கதவைத் தாழ்போட்டான். “ஷாஹீ, பயமா இருக்குல்ல?”

“இருக்குங்க.”

“போகத்தான் வேணுமா?”

“நான் இல்லேன்னு அழிச்சவங்க ஒரு கூட்டம். இல்லாமப் போயிடுன்னு சொல்றவன் இப்ப ஒருத்தன். ரெண்டுக்கும் சேர்த்துப் போறேன்.”

“அப்ப நான்தான் வண்டி ஓட்டுவேன்,” என்றான் நஜீம்.

*

புதன்கிழமை கருப்பாயி நீராவியோடு வந்து நின்றாள். “ஓடாத இரும்புக்கு எதுக்குக் கிணறும்பான். உசுரோட நிக்கட்டும்,” என்று சொல்லி, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரையே நம்பி விருமாண்டி நெருப்பு மூட்டியிருந்தார்.

கேமராக்காரர்கள் மொத்தப்பேரும் வந்திருந்தார்கள். வேலிக்குள் சூரியபிரகாஷின் ஆட்கள் கைகட்டி நின்றார்கள். அனந்தராமனைக் காணவில்லை.

தாசில்தார் ஷாஹீதாவின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மேடம், கிணறு நாங்க போன வருசம் வெட்டுனது. இதெல்லாம் இப்ப செல்போன்லயே பண்ணலாம்,” என்றான் சூரியபிரகாஷ். “கிணறு வேணும்னா கிணறு, யானை வேணும்னா யானை.”

“நீங்க என்ன சொல்றீங்கம்மா?”

“எதிர்ப்பக்கத்துலருந்து எடுத்தவர் வரணும் மேடம்.”

“வருவாரா?”

ஷாஹீதாவுக்குத் தெரியவில்லை. எஞ்சினிலிருந்து விருமாண்டி எட்டிப் பார்த்து, தண்ணீர் குறைகிறது என்று கையால் காட்டினார்.

ஆட்டோ ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. அனந்தராமன் ஒரு கையில் லேப்டாப்பும் மறு கையில் ஸ்டேசனில் மாட்டியிருந்த பெரிய சட்டமுமாக இறங்கினார். ஷேவ் செய்யாத முகம்.

லேப்டாப்பில் ஒரு படம். படத்தின் ஓரத்தில் எஞ்சினின் மூக்கு நுழைகிறது. எதிரே மஞ்சள் துப்பட்டாவில் ஷாஹீதா, கண்ணில் கேமரா. தண்டவாளத்தின் குறுக்கே ஒரு வெள்ளை நாய் தாவுகிறது.

ஷாஹீதா தன் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதே எஞ்சின் மூக்கு. அதே நாய், அதே தாவலில், நாலு காலும் தரையில் படாமல். எதிரே கண்ணில் கேமராவோடு அனந்தராமன். அவருக்குப் பின்னால் கிணறு.

“ரெண்டு பேரும் கூட்டு!” சூரியபிரகாஷ் பாய்ந்தான். “இவரு அந்தம்மாவை நேத்து ஒட்ட வச்சிருக்காரு!”

“சொல்லுங்க சார்,” என்றாள் ஷாஹீதா. “என்னைச் சேர்த்தீங்களா, அழிச்சீங்களா?”

அனந்தராமன் சட்டத்தைத் தாசில்தாரிடம் நீட்டினார். அதே படம். அதே நாய். மஞ்சள் துப்பட்டாவுக்குப் பதில் எருக்கஞ்செடி.

“அழிச்சேன். இது மூணு வருசமா எங்க ஸ்டேசன் சுவத்துல தொங்குது. வந்தவங்க எல்லாரும் பார்த்திருக்காங்க. பரிசு கொடுத்தவங்களுக்கு இன்னிக்குக் காலையில எழுதிப் போட்டுட்டேன்.”

“எதுக்கு அழிச்சீங்க?” தாசில்தார் கேட்டார்.

“அழகுக்கு இடைஞ்சலா இருக்காங்கன்னு நினைச்சேன்.”

தாசில்தார் பாதையைத் தாண்டி வடக்கே போனார். குனிந்து பார்த்தார். எருக்கும் இல்லை, எருக்கின் வேரும் இல்லை. திரும்பி வந்து சூரியபிரகாஷைப் பார்த்தார்.

“சுவத்துல மூணு வருசமா தாவுற அதே நாய்தான் இவங்க படத்துலயும் தாவுது. அப்பவே இருக்கு கிணறு. நீங்க போன வருசம் வெட்டுனதா சொன்னீங்க.”

“மேடம்…”

“இறுதி உத்தரவு வர்ற வரைக்கும் பழையபடி ரயில்காரங்க தண்ணி எடுக்கலாம். வேலியை எடுங்க.”

“எழுத்துல குடுங்க மேடம்.”

“ஆபீஸ் போனதும் அனுப்புறேன்.”

தாசில்தாரின் ஜீப் கிளம்பியது. புழுதி அடங்கியது. சூரியபிரகாஷின் ஆட்கள் நகரவில்லை.

“பேப்பர் வரட்டும்ணே,” அவன் காரில் சாய்ந்துகொண்டான். “என்ன அவசரம்?”

“அவசரமா!” விருமாண்டியின் குரல் உடைந்தது. “பாய்லர்ல தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடியில அடிக்கே வந்திருச்சு. இனி நெருப்பை இழுத்துக் கீழ தள்ளணும், இல்ல வெடிக்கும். தள்ளுனா இவ இங்கயே செத்துக் கிடப்பா. அதைத்தான்யா பார்த்துட்டு நிக்கிறான்!”

ஷாஹீதா குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்தாள்.

ஒருவன் குறுக்கே வந்தான். “ஏய், போம்மா வெளிய!”

“சார்!” அவள் திரும்பாமலே கத்தினாள். “எல்லாரும் கேமராவை எடுங்க! இந்த மூஞ்சி, அந்த மூஞ்சி, ஒருத்தர் விடாம எடுங்க! தாசில்தார் சொன்னதுக்கு அப்புறமும் யாரு வழிமறிச்சாங்கன்னு நாளைக்குக் கேப்பாங்க!”

மொத்த வரிசையும் கேமராவைத் தூக்கியது. அனந்தராமன்தான் முதலில். நாலாபக்கமும் க்ளிக், க்ளிக், க்ளிக். வழிமறித்தவன் கையால் முகத்தை மறைத்தான். பின்னால் நின்றவன் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு விலகினான். முகத்தை மூடினால், வழிமறிக்கக் கை மிச்சமில்லை. ஷாஹீதா அவர்களைத் தாண்டிப் போனாள்.

“டேய், பிடிங்கடா!” சூரியபிரகாஷ் கத்தினான். இரண்டு கேமராக்கள் அவன் பக்கம் திரும்பின. வாயை மூடிக்கொண்டான்.

நஜீம் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, பல் டாக்டர் குழாயின் நுனியை எஞ்சினுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். ஷாஹீதா மோட்டார் ரூமுக்குள் போய் சுவிட்சைத் தட்டினாள். தரையில் சுருண்டு கிடந்த குழாய் ஒருமுறை உதறியது. பிறகு புடைத்து நிமிர்ந்தது. தொட்டிக்குள் தண்ணீர் இடியாக விழுந்தது.

“நிறைஞ்சதும் சொல்றேன் தங்கச்சி!” விருமாண்டி மேலேயிருந்து கூவினார். “அதுவரைக்கும் நிறுத்திராத!”

“இங்கேயேதான்ணே நிக்கேன்!” ஷாஹீதா சுவிட்சின் முன்னால் கால் அகட்டி நின்றாள். “நிறுத்த எவன் வாரான்னு பார்ப்போம்!”