மடித்த துணியின் கணக்கு

ஷபீகாவின் பெயர் போன் திரையில் மின்னியதும், சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்த மஷூர் அரை யார்ட் கூடுதலாகவே வெட்டிவிட்டான். வெள்ளவத்தையில் அவன் கடையில் ஓர் அங்குலம் கூடுதலாக வாங்கியவர் எவருமில்லை. வாங்கிய பெண், இவன் மனம் மாறுவதற்குள் என்று பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

மனைவி ஷபீகா மகள் ஹிபாவோடு கொட்டாஞ்சேனையில் தன் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு நோன்பும் இரண்டு பெருநாளும் போய்விட்டன. பெரிய சண்டை ஒன்றுமில்லை. அவள் எதைக் கேட்டாலும் பாதியாகக் குறைத்துத்தான் அவன் சம்மதிப்பான். உம்மாவைப் பார்க்க நாலு நாள் என்றால் இரண்டு நாள். புதுத் திரைச்சீலை எல்லா ஜன்னலுக்கும் என்றால் முன்பக்கத்துக்கு மட்டும். கடைசியில் அவள் கேளாமலே போனாள். எத்தனை நாளைக்கு என்றும் சொல்லவில்லை. பிறகு எதைக் குறைப்பது? அதற்குப் பின் அவள் அழைத்ததெல்லாம் மகளின் காய்ச்சலுக்கும் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கும்தான். இரண்டு வார்த்தை, போன் வைத்தாயிற்று. அந்த இரண்டு வார்த்தைக்காக அவன் குளிக்கும்போதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்தான்.

"ஹிபாக்கு சுட்டிக் கணக்கு வருதில்ல," என்றாள் ஷபீகா. "வெள்ளிக்கிழமை டெஸ்ட். நீங்க கணக்குல கெட்டிக்காரன்தானே, செல்லிக் குடுங்க."

மஷூருக்குத் தெரிந்த ஒரே சுட்டி மணப்பெண்ணின் நெற்றியில் தொங்குவது. கொஞ்ச நேரத்தில் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் தையல் நூல் வாங்கிக்கொண்டிருந்த அருந்ததி டீச்சரைக் கெஞ்சிக் கூட்டி வந்தான். கொள்ளுப்பிட்டிப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறவள். அவனோடு சண்டை பிடிக்காமல் ஒரு துணியும் வாங்காதவள்.

"உங்களுக்கேன் இப்ப சுட்டி?" என்று கேட்டாள். அவன் மறைக்காமல் சொன்னான். அதன் பிறகு டீச்சர் பகிடி விடவில்லை. ஒரு துணியை எடுத்து மடிக்கச் சொன்னாள்.

இரண்டு தரம் மடித்தால் நாலு அடுக்கு. அதன்மேல் இன்னும் மூன்று தரம் மடித்தால், நாலை எட்டால் பெருக்கின மாதிரி, முப்பத்திரண்டு அடுக்கு. அடுக்குகள் பெருகுகின்றன, ஆனால் மடித்த தரம் இரண்டும் மூன்றும் ஐந்துதான். இரண்டை எத்தனை தரம் பெருக்கினோம் என்று மூலையில் நின்று சொல்கிற அந்தச் சின்ன எண்தான் சுட்டி. ஷபீகா போனில் அனுப்பியிருந்த படத்தில், ஹிபா கூட்ட வேண்டிய சுட்டிகளைப் பெருக்கி ஆறு என்று எழுதியிருந்தாள். பிறகு மடிப்பைக் குறைக்கிற விதி, மடிப்பே இல்லாத விதி. அவ்வளவையும் சொல்லிவிட்டு டீச்சர் பஸ்சுக்குப் போனாள்.

மஷூர் வீடியோவில் அழைத்தான். திரையில் மகளின் முகம். போனைப் பிடித்திருந்த ஷபீகாவின் பெருவிரல் ஓரத்தில் கொஞ்சம். அவன் அந்தப் பெருவிரலைப் பார்த்தபடிதான் மடித்தான். ஹிபாவும் உம்மாவின் துப்பட்டாவை மடித்து எண்ணி, "அஞ்சு!" என்றாள்.

அடுத்த விதியில் ஒரு சொல்லில் அவன் இடறினான். கடையில் நாள் முழுதும் வாயில் புழங்கும் சொல்தான்: மடிப்பைப் பிரி, கட்டைப் பிரி. கணக்கில் வகுப்பதையும் அவர்கள் வீட்டில் பிரிப்பது என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை ஷபீகாவின் காதில் போட அவனால் முடியவில்லை. "அதாவது மகள், மடிச்சதத் திருப்பி..." என்று இழுத்தான்.

"பிரிக்கிற எண்டு செல்லுங்க," என்றது பெருவிரலின் பக்கத்துக் குரல். "புள்ளைக்குத் தெரியாத சொல்லா?"

அவன் சொன்னான். ஐந்து மடிப்பில் மூன்றைப் பிரித்தால் மிச்சம் இரண்டு. பிரிக்கும்போது சுட்டியைக் கழிக்க வேண்டும். ஹிபா யோசித்தாள். "அப்ப அஞ்சையும் பிரிச்சா சுட்டி பூச்சியம். விடையும் பூச்சியமா வாப்பா?"

மஷூர் துணியை முழுதாக விரித்துப் போனுக்கு முன்னால் பிடித்தான். "மடிப்புத்தான் இல்ல மகள். துணி இருக்குத்தானே. ஒண்டு."

விளங்கிவிட்டது. ஹிபா எழுத ஓடிவிட்டாள். திரையில் வெறும் சுவர் தெரிந்தது. வழமையாக இந்த இடத்தில் போன் வைத்தாயிற்று. இன்று வைக்கப்படவில்லை. கொட்டாஞ்சேனைத் தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போவதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"முழுசாப் பிரிச்ச பிறகும் ஒண்டா?" என்றாள் ஷபீகா.

"ஓம். பூச்சியத்தத் தவிர எந்த எண்ணுக்கும் அப்பிடித்தான்."

"டீச்சர் யாரும் செல்லித் தந்ததா?"

"ஓம்."

சிரித்தாளா, பெருமூச்சா, கண்டுபிடிக்க முடியவில்லை. "இன்னும் விதி இருக்கா?"

அவனிடம் இருந்தது தீர்ந்துவிட்டது. ஆனால் வாங்க வந்தவரிடம் சரக்கு முடிந்தது என்று சொல்லிப் பழகிய வாயா அது? "இருக்கு," என்றான்.

"அப்ப நாளைக்கு எடுக்கிறேன்," என்றாள் ஷபீகா.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மஷூர் காலி வீதி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான். டீச்சர் இன்னும் பஸ்சுக்கு நின்றிருந்தாள்.

"டீச்சர், பூச்சியத்துக்குக் கீழயும் ஏதும் இருக்கா?"

"ஓம், மறைச்சுட்டி. அதுக்கு அங்கால பின்னச் சுட்டியும் இருக்கு. கனக்க இருக்கு, ஏன்?"

பஸ் வந்து நின்றது. "எல்லாத்தையும் ஒரேயடியாச் செல்லிறாதீங்க," என்றான் மஷூர். "ஒரு நாளைக்கு ஒரு விதி போதும்."