லோரீன் வைத்த ஓதக் கதவு

எங்கள் ஓடை கூஸ் விரிகுடாவில் கலக்கும் இடத்தில், கடலைத் தடுக்கும் மண்கரைக்கு அடியில் ஒரு பழைய இரும்புக் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. கடல் ஓதம் ஏறும்போது மூடிக் கடலைத் தடுக்க வேண்டும். வற்றும்போது திறந்து உள்நீரை வெளியே விட வேண்டும். துருப்பிடித்த பிறகு இரண்டையுமே அரைகுறையாகத்தான் செய்தது. மேய்ச்சல் நிலங்கள் கோடை தொடங்கும் வரை ஊறிக் கிடந்தன. சால்மன் மீன்குஞ்சுகள் உள்ளே ஒதுங்க வழியே இல்லை.

என் மனைவி லோரீன்தான் அந்தக் கரையைப் பராமரிக்கும் சங்கத்தின் தலைவி. புதுக் கதவுக்கு அரசு உதவத் தயாராக இருந்தது. ஆனால் மீன்குஞ்சுகள் ஒதுங்க யாராவது ஒருவர் தன் தாழ்ந்த நிலத்தை மறுபடி உப்புச் சதுப்பாக விட்டுத் தர வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். லோரீன் கையைத் தூக்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "அது உங்க அப்பா கரை போட்டு மீட்ட நிலம், லோரீன்."

"வருஷத்துல பாதி நாள் மாடு முழங்கால் சேத்துல நிக்குது. அதை நிலம்னு நாமதான் சொல்லிக்கிட்டிருக்கோம்," என்றாள்.

மேல்பக்கத்துப் பண்ணைக்காரர் வெஸ்லி ஊரெல்லாம் எதிர்த்துப் பேசினார். உப்புத் தண்ணீர் தன் புல்லை எரித்துவிடும் என்று பயந்தார். இருந்தும் அடுத்த கோடையில் பழைய கதவைப் பெயர்த்தார்கள். பக்கவாட்டில் திறக்கும் அகலமான கதவு வந்தது. நீர்மட்டத்தோடு எழுந்து தாழும் ஒரு மிதவை அதை இயக்கும். குறித்த மட்டம் வரை கடல்நீரை உள்ளே விட்டு, பிறகு மூடிவிடும்.

ஜனவரியில் பேரோதமும் புயலும் ஒரே காலையில் வந்தன. அக்கம்பக்கத்தார் மழையங்கியோடு கரையில் கூடினோம். தண்ணீர் எங்கள் தாழ்நிலத்தை நிறைத்து வெஸ்லியின் வேலியை நோக்கி ஏறியது.

"என் புல்லு போச்சுன்னா உன்னை விடமாட்டேன், லோரீன்," என்றார் வெஸ்லி.

"போச்சுன்னா என் வைக்கோலை எடுத்துக்க. இப்ப பேசாம பாரு."

மிதவை எழும்பியது. கதவு நிதானமாகத் திரும்பிச் சாத்திக்கொண்டது. வெளியே கடல் கரையை அறைந்தது. உள்ளே நீர் ஏறுவது நின்றது. ஓதம் வற்றியதும் கதவு முழுக்கத் திறந்துகொள்ள, மழைநீர் மடமடவென்று வடிந்தது. அந்த வருஷம் வெஸ்லியின் மாடுகள் வசந்தத்திலேயே புல்லுக்குப் போயின.

தாழ்நிலத்தில் உப்புப்புல் தானாக முளைத்தது. ஏப்ரலில் மீன்வளத் துறைப் பெண் ஒருத்தி கணக்கெடுக்க அங்கே வலை வீசினாள். விரல் நீளத்தில் சால்மன் குஞ்சுகள் துள்ளின. லோரீன் சேற்றில் மண்டியிட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா இதைப் பார்த்திருக்கணும்," என்றாள்.

போன மாதம் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து சிலர் கதவைப் பார்க்க வந்தார்கள். நாங்கள் போவதற்குள் வெஸ்லி கரையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"நாங்க வச்ச கதவு இது," என்றார். "முதல்ல யாருக்கும் நம்பிக்கையே இல்ல."

நான் வாயைத் திறக்கப் போனேன். லோரீன் என் காலை மிதித்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.