ஓவன் வேண்டாம் என்றாள் மார்லிஸ்

"ஓவன் வேணுமா, வேண்டாமா மேடம்?" என்று விற்பனையாளன் ரோலி கேட்டது மார்லிஸிடம்தான். பதில் சொன்னது அவள் கணவன் டுவைன்.

"இதெல்லாம் ஒரு கேள்வியாப்பா? முப்பத்தோரு வருஷம் பேக்கரி நடத்துனவகிட்ட ஓவன் வேணுமான்னு கேக்குற! போடு, போடு."

ரோலி சிரித்துக்கொண்டே பேனாவை ஆர்டர் தாளின் பக்கம் கொண்டுபோனான். மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் கட்டத்துக்குள் கோடு விழப் பார்த்தது.

"நில்லு ரோலி. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

மார்ச் மாதம். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச்செல்லும் ட்ரெய்லர் வீடுகள் விற்கும் கடையின் வாசலில் பனி இடுப்பளவு குவிந்து கறுத்துக் கிடந்தது. உள்ளே ஒரே அளவில் இரண்டு ட்ரெய்லர்கள். இருபத்து மூன்றடி நீளம். படுக்கை, மேஜை, கழிவறை எல்லாம் ஒன்றுபோல. வித்தியாசம் அடுப்புக்குக் கீழே மட்டும்தான். ஒன்றில் ரொட்டித் தட்டு ஒன்று மட்டும் நுழைகிற சின்ன கேஸ் ஓவன். மற்றொன்றில் அந்த இடத்தில் ஆழமான மூன்று இழுப்பறைகள். மார்லிஸ் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். சத்தமில்லாமல் வந்தன, சத்தமில்லாமல் போயின. அவளுக்குப் பிடித்துவிட்டது.

"எனக்கு ஓவன் வேண்டாம்."

டுவைன் அவளை ஏதோ ஜுரத்தில் பிதற்றுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு ரோலியிடம் திரும்பி, "நாங்க வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்றான்.

வீட்டில் பேசியது எல்லாம் டுவைன்தான். அவன் மாவட்டத்தின் பனி அள்ளும் லாரியை முப்பது வருஷம் ஓட்டியவன். ஒரு பாதையில் இறங்கிவிட்டால் எதிரே எது குவிந்திருந்தாலும் தள்ளிக்கொண்டே போவது அவனுக்குப் பழக்கம். அக்டோபரில் மின்னசோட்டாவை விட்டுக் கிளம்பி அரிசோனா பாலைவனத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, குளிர்காலம் முழுக்க அங்கேயே இருப்பது என்பது இருவரும் சேர்ந்து கண்ட கனவு. ஆனால் அந்தக் கனவுக்குள் டுவைன் அவளைக் கேட்காமலே ஒரு ஓவனைக் கொண்டுவந்து வைத்திருந்தான்.

வைத்தது மட்டுமில்லை, ஊரெல்லாம் சொல்லியும் விட்டான். ஞாயிறன்று தேவாலயத்தில் காபி குடிக்கும்போது ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிப்ரவரியில நாங்களும் அரிசோனா வர்றோம்மா. உன் கேரமல் ரோல் காலையில சூடாக் கிடைக்கும்னு டுவைன் சத்தியம் பண்ணியிருக்கான்" என்றார். அன்று மட்டும் மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள். மூவருக்கும் சிரித்துவைத்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய சத்தத்தில் டுவைனின் தொப்பி நழுவியது.

"யாரக் கேட்டு வாக்கு குடுத்த?"

"ஆசையாக் கேட்டாங்க மார்லிஸ். நாலு பேர் வந்து சாப்பிட்டா உனக்குச் சந்தோஷமா இருக்காதா?"

"என் மணிக்கட்டப் பாத்தா உனக்குச் சந்தோஷமாத் தெரியுதா? ரெண்டு கையிலயும் ஆபரேஷன் தழும்பு இருக்கு. விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிக்காம நான் தூங்க ஆரம்பிச்சு அஞ்சு மாசம்தான் ஆகுது."

"யாரு மூணு மணிக்கு எந்திரிக்கச் சொன்னா? எட்டு மணிக்கு எந்திரிச்சு ரெண்டே ரெண்டு தட்டு..."

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. டகோமாவில் இருக்கும் மகள் கிறிஸ்டாவை அழைத்துச் சொன்னாள். அங்கேயாவது நியாயம் கிடைக்கும் என்று நினைத்தாள்.

"அம்மா, இப்ப அப்படித்தான் சொல்லுவ. போன ஒரே மாசத்துல கை அரிக்க ஆரம்பிச்சுரும் பாரு. உன்னால சும்மா இருக்க முடியாதும்மா."

"என்னால முடியுமா முடியாதான்னு நான் இன்னும் பாக்கவே இல்லடி. பாக்க விடுங்களேன்!"

கிறிஸ்டா சிரித்தாள். அம்மாவுக்குக் கோபம் என்பதே அந்த வீட்டில் ஒரு வேடிக்கையாகிவிட்டிருந்தது.

ஏப்ரலில் பனி கரைந்ததும் டுவைன் வேறொரு வழியைக் கண்டுபிடித்தான். எதிர்வீட்டு ஆர்வில்லிடம் பழைய ட்ரெய்லர் ஒன்று இருந்தது, ஓவனோடு. ஒரு சனிக்கிழமை காலை அதன் சாவியை வாங்கிவந்து மேஜைமேல் வைத்தான்.

"ஒரே ஒரு தடவ இதுல சுட்டுப் பாரு. பிடிக்கலைன்னா அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல."

அவன் வாயே திறக்காமல் இருப்பான் என்ற ஆசையில்தான் அவள் மாவு பிசைந்தாள். மணிக்கட்டு சுளீர் சுளீர் என்றது. மாவைச் சுருட்டிக் கேரமல் பாகின் மேல் ரோல்களாகத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் ஆர்வில்லின் ட்ரெய்லரில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் பிசைஞ்சாச்சு. பத்த வைக்கிறது நீ."

அந்த ஓவனைப் பற்றவைக்கத் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். ஒரு கையால் குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் நீள லைட்டரை உள்ளே கடைசிவரை நீட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையைத் தேட வேண்டும். லாரியிலிருந்து குதித்துக் குதித்து டுவைனின் வலது முழங்கால் போய் வருஷங்களாகிவிட்டன. முனகிக்கொண்டே படுத்தான். நடைபாதை அவன் அகலத்துக்குப் போதவில்லை. கால்கள் கதவுக்கு வெளியே படியில் கிடந்தன. சுடர் வந்தது, காற்றில் அணைந்தது. மறுபடி வந்தது, குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்தது. கேஸ் வாடை அடித்ததும் மார்லிஸ் ஜன்னல்களைத் திறந்தாள். ஜன்னல் திறந்ததும் காற்று இன்னும் வசதியாக வந்து அணைத்தது.

"ஜன்னல மூடு!"

"மூடுனா ரெண்டு பேரும் செத்துப்போவோம்."

"கதவையாவது மூடு!"

"உன் கால எங்க வைக்கிறது, தலமேலயா?"

முக்கால் மணி நேரம் கழித்து அவள் பொறுக்கமாட்டாமல் அவனை இழுத்து எழுப்பிவிட்டுத் தானே படுத்தாள். ஒரே முறையில் பற்றிக்கொண்டது. அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இது தனக்குத் தெரிந்த வேலைதான் என்பதை அந்தச் சனியன் பிடித்த பெட்டியும் சேர்ந்து நிரூபித்ததுபோல.

ரோல்கள் வெளியே வந்தபோது அடி கரியாகியிருந்தது. மேலே வெள்ளை வெளேரென்று மாவு. பேக்கரியில் இப்படி ஒரு தட்டு வந்திருந்தால் அவள் குப்பைத் தொட்டிவரைகூட நடந்திருக்கமாட்டாள், நின்ற இடத்திலிருந்தே எறிந்திருப்பாள். டுவைன் ஒன்றைப் பிய்த்து, ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

"பிரமாதம்!"

"என்னது?"

"பிரமாதமா இருக்கு மார்லிஸ்."

"அடி கருகியிருக்கு. நடுவுல பச்ச மாவு. இதப் போய்ப் பிரமாதங்கிறவனுக்கா நான் முப்பத்தோரு வருஷம் பாத்துப் பாத்துச் சுட்டேன்?"

"எனக்கு எங்க சுட்ட?" என்றான் டுவைன். குரலை உயர்த்தவில்லை. "ஊருக்குச் சுட்ட. எனக்கு முந்தின நாள் விக்காம மிஞ்சினது பிளாஸ்டிக் கவர்ல வந்துச்சு. உன்னோட ரோல நான் சூடாத் தின்னதே இல்ல. இன்னைக்குத்தான் மொத தடவ."

அவள் நினைத்துப் பார்த்தாள். கிறிஸ்டா பிறந்த வருஷம், கல்யாண நாட்கள், கிறிஸ்துமஸ்... கிறிஸ்துமஸ் காலையில் ஆர்டர்கள் குவிந்திருக்கும். அவளும் பேக்கரியில், பனி விழுந்தால் அவனும் லாரியில். அவன் சொன்னது உண்மைதான்.

"இத்தன வருஷம் வாயில என்ன வச்சிருந்த? சொல்றதுக்கென்ன?"

"மத்தியானம் வந்து செருப்பக் கழட்டாமக்கூட சோபாவுல விழுந்து தூங்குவ. உன்னப் போய் எழுப்பி, எனக்கு ரோல் சுட்டுக் குடுன்னா கேப்பேன்?"

மார்லிஸ் கருகிய தட்டை எடுத்தாள். பரிதாபமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவன் வீம்புக்காகக் கேட்டிருந்தால் எதிர்த்து நிற்பது சுலபம். இப்படி நியாயமான ஒரு குறையை இவ்வளவு தாமதமாக, அதுவும் அவள் ஓய்வெடுக்கப் போகிற நேரம் பார்த்துக் கொண்டுவந்து வைத்தால் அவள் என்னதான் செய்வது? அவனுடைய முப்பது வருஷக் கடனைத் தீர்க்க, தன்னுடைய மிச்ச வருஷங்களையும் அந்தப் பெட்டிக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கழிப்பதா?

தட்டைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். கையைத் துடைத்துவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"கேளு. வீட்டு ஓவன்ல, அக்டோபர் வரைக்கும், ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம உனக்குச் சூடாச் சுட்டுத் தர்றேன். உனக்கு மட்டும். தேவாலயத்துக்குக் கிடையாது, ஆர்வில்லுக்குக் கிடையாது. மாவு பிசையிறது நீ, நான் பக்கத்துல நிப்பேன். ட்ரெய்லர்ல ஓவன் கிடையாது."

"அக்டோபருக்கு அப்புறம்?"

"அப்புறம் எனக்கு லீவு."

டுவைன் தாடையைத் தடவினான். அவன் முகம் சரியென்று சொல்லவில்லை. ஆனால் வாய் சொன்னது.

திங்கட்கிழமை அவள் தனியாகவே கடைக்குப் போனாள். ரோலி தாளை எடுத்து, "டுவைன் சார் ஒத்துக்கிட்டாரா மேடம்?" என்றான். கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும், "நிச்சயமா? பின்னால வருத்தப்படுவீங்க" என்றான். ஓவன் வேண்டாம், இழுப்பறை வேண்டும் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டாள்.

அந்தக் கோடையில் டுவைன் ஞாயிறுதோறும் மாவு பிசைந்தான், மோசமாகப் பிசைந்தான், சூடாகத் தின்றான். ஒவ்வொரு வாரமும், "இங்கயே இவ்வளவு நல்லா வருதே, அங்க..." என்று ஆரம்பிப்பான். அவள் பார்க்கும் பார்வையில் மீதியை ரோலோடு சேர்த்து விழுங்கிவிடுவான்.

ஆகஸ்டில் ட்ரெய்லர் வந்துவிட்டதாக ஃபோன் வந்தது. மார்லிஸ்தான் முதலில் உள்ளே ஏறினாள். படுக்கை சரி, மேஜை சரி. அடுப்புக்குக் கீழே பளபளவென்று ஒரு ஓவன்.

மெல்லத் திரும்பி டுவைனைப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

"சத்தியமா நான் இல்ல. என்னப் பாக்காத."

ரோலி வாசலில் நின்று முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான். "என்னோட பரிசு மேடம். ஃபேக்டரியிலேர்ந்து கேட்டப்ப நான்தான் மாத்திச் சொன்னேன். எங்கம்மா கடைசிக் காலத்துல வேற எதுவும் சாப்பிடல, உங்க ரோல் மட்டும்தான் இறங்கும். வேண்டாம்னு எழுதுறப்ப உங்க முகத்தப் பாத்தேன். விருப்பமில்லாமத்தான் எழுதுறீங்கன்னு புரிஞ்சுது."

ரோலியின் அம்மாவை மார்லிஸுக்கு ஞாபகம் இருந்தது. பச்சை ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கவுண்டரில் சில்லறை எண்ணுவாள். வெறுப்பவர்களிடம் கத்தலாம். இப்படி முகம் மலர அன்பு காட்டிக்கொண்டு, சொன்னதைக் காதில் வாங்காதவர்களை என்ன செய்வது? அந்தத் தாளில் அவள் எழுதியதைவிட, அவள் முகத்தில் இல்லாத ஒன்று இவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

"ரொம்ப நன்றி ரோலி. இதக் கழட்டு" என்றாள்.

"மேடம்?"

"கழட்டு. இழுப்பறை போடு."

"இழுப்பறை ஃபேக்டரியிலேர்ந்து வரணும். புதுசா ஆர்டர் போட்டா நவம்பர் கடைசி ஆயிரும். கொஞ்ச நாள் வச்சுத்தான் பாருங்களேன், பிடிச்சுப்போயிரும்..."

மார்லிஸ் இறங்கி ட்ரெய்லரின் படியில் உட்கார்ந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. "கழட்டுற வரைக்கும் நான் எந்திரிக்கப்போறதில்ல."

ரோலி டுவைனைப் பார்த்தான். 'நீங்களாவது சொல்லுங்க' என்கிற பார்வை. டுவைன் அவளையும், திறந்த கதவு வழியாக அந்த ஓவனையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பது மார்லிஸுக்குத் தெரியும்.

"ரோலி, அவ மார்ச்லேர்ந்து வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டிருக்கா" என்றான். "என்கிட்டயும் சொன்னா, உன்கிட்டயும் சொன்னா. ஆளக் கூப்புடு."

ரோலி உடனே போய் ஆளைக் கூப்பிட்டான். ஐந்து மாதமாக அவள் சொன்னது ஏறாத காதில், டுவைன் ஒரே முறை சொன்னது ஏறிவிட்டது. அதிலும் ஒரு எரிச்சல். ஆனாலும் டுவைன் வந்து படியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மெக்கானிக் லோவெல் கேஸ் குழாயை அடைத்து, மேலிருந்த அடுப்போடு சேர்த்து ஓவனை உருவி, தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனான். மேலே இரண்டு பர்னர் உள்ள சின்ன அடுப்பு பொருத்தினார்கள். கீழே ஒரு ஓட்டை. அதற்கு ஒட்டுப்பலகையில் கதவு ஒன்று அறைந்து கொடுத்தார்கள். அவள் ஆசைப்பட்ட இழுப்பறைகள் இல்லை. அவளுக்குக் கிடைத்தது ஓவன் இல்லாத ஒரு வெற்றிடம் மட்டும்தான்.

அக்டோபரில் கிளம்பினார்கள். தெற்கு டகோட்டாவின் மேடுபள்ளமான சாலையில் அந்தப் பலகைக் கதவு இரண்டு முறை திறந்துகொண்டு, வாணலிகள் தரை முழுக்க உருண்டன. இரண்டாம் முறை வண்டியை ஓரமாக நிறுத்தி மார்லிஸ் உள்ளே மண்டியிட்டுப் பொறுக்கும்போது டுவைன் ட்ரெய்லர் வாசலில் வந்து நின்றான்.

"ஒரு வார்த்த சொல்லிராத" என்றாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"மூஞ்சி சொல்லுது."

அவன் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கதவின் பிடியில் சுற்றிக் கட்டினான். நன்றாகவே கட்டினான்.

மறுநாள் காலை ஒன்பது மணிவரை தூங்கிவிட்டு, சாலையோர உணவகம் ஒன்றில் வண்டியை நிறுத்தினார்கள். டுவைன் கேரமல் ரோல் கேட்டான். ஆவி பறக்க வந்தது. ஒரு வாய் மென்றான், இன்னொரு வாய் மென்றான்.

"உன்னோடது மாதிரி இல்ல."

"இருக்காது. சாப்பிடு."

"மாவுல உப்பு கம்மி. கேரமல் வேற..."

"டுவைன், எனக்குச் சொல்லாத. சுட்டவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

அவன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். புகை நடுவில் ஒரு பெண் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு தட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். டுவைன் எழவில்லை. குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். மார்லிஸ் இன்னொரு கோப்பை காபி கேட்டு வாங்கி, அவசரப்படாமல் குடித்தாள்.